கேளாத செவியும் மங்கும் விழியும்

காது கேளாத குழந்தை கண்ணால்தான் கேட்கிறது. பேசுவோரின் உதட்டசைவு, முகக்குறிப்பு, கைச்சாடை, கரும்பலகையில் எழுதிய எழுத்து ஆகிய யாவும் கண் வழியாகவே அதன் அறிவைச் சென்றடைகின்றன. அத்தகைய குழந்தையின் பார்வையும் பத்து, இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைந்து வருமானால், அதன் கல்வி என்னவாகும்? அதன் தொழில் என்னவாகும்? பெற்றோரும் ஆசிரியரும் அக்குழந்தைக்கு எதைக் கற்பிக்க வேண்டும், எப்போது கற்பிக்க வேண்டும்? இக்கேள்விகள் வெறும் கற்பனையல்ல. மரபுவழியாக வரும் அஷர் நோய் என்னும் அரிய நோய் இவ்விரட்டை இழப்பைத் தருகிறது. செவியின் குறை பிறவியிலேயே தெரிந்துவிடுகிறது. கண்ணின் குறையோ பல ஆண்டுகள் மறைந்திருந்து, பின்னர் மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. இந்த இடைவெளியே இந்நோயின் ஆபத்து. முறையாகப் பயன்படுத்தினால் அதுவே வாய்ப்புமாகும்.

இதைப் பற்றிப் பேசுவதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான நகரம் நம் நாட்டில் வேறு இல்லை எனலாம். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமாக 1901ஆம் ஆண்டிலேயே பள்ளி கண்ட நகரம் இது. 1924ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930ஆம் ஆண்டில் இங்கு இடம் பெயர்ந்த மருத்துவக் கல்லூரியும், அதனுடன் இணைந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் இங்கே உள்ளன. 1966ஆம் ஆண்டில் தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பெற்று, மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிதியில் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் மானசகங்கோத்திரியில் அமைந்திருக்கிறது. கர்நாடகத்திலிருந்து மட்டுமன்றித் தமிழ்நாடு, கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் பெற்றோர் தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கு வருகின்றனர். காது கேளாமையைக் கண்டறிந்து, அதற்கு வழி சொல்லும் பெரும் பணி அங்கு நடைபெறுகிறது. அப்படி வரும் குழந்தைகளுள் ஒரு சிலருக்குக் கண்ணிலும் நோய் கருக்கொண்டிருக்கும் என்பதே இவ்வுரையின் அடிப்படைச் செய்தி.

நோயின் வரலாறு

இந்நோய் புதிதாகத் தோன்றியதன்று. செவிப்புலன் இல்லாதவரின் விழித்திரையில் கருநிறப் புள்ளிகள் காணப்படுவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1858ஆம் ஆண்டில் குறிப்பிட்டார். அவருடைய மாணவரான ரிச்சர்டு லீப்ரைக், பெர்லின் நகரில் காது கேளாதோரைச் சோதித்து, 1861ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். உறவுக்குள் மணந்த குடும்பங்களில் இது மிகுதியாக இருப்பதையும் அவர் கவனித்தார். ஸ்காட்லாந்தில் பணியாற்றிய சார்லஸ் அஷர் என்னும் கண் மருத்துவர், இது பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வருவது என்பதை 1914ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். அவர் பெயராலேயே இன்று நோய் வழங்கப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணுக்களுள் முதலாவது கண்டறியப்பட்டது 1995ஆம் ஆண்டில். இன்று இந்நோயுடன் தொடர்புடையனவாகக் குறைந்தது ஒன்பது மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன.

இலட்சம் பேருக்கு 4 முதல் 17 பேர் வரை இந்நோய் உடையவர்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை முழுவதையும் நோக்க இது சிறு எண்ணிக்கையே. ஆனால் காது கேளாத குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 3 முதல் 6 பேருக்கு அஷர் நோய் இருக்கக்கூடும் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். இருநூறு குழந்தைகள் படிக்கும் காது கேளாதோர் பள்ளி ஒன்றில், இக்கணக்கின்படி ஆறு முதல் பன்னிரண்டு பேர் இந்நோயுடன் இருக்கலாம். மரபுவழியில் செவியும் விழியும் ஒருங்கே இழந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் இந்நோயே.

செவிக்கும் விழிக்கும் உள்ள தொடர்பு

செவியும் விழியும் வேறுவேறு உறுப்புகள். ஒரே நோய் இரண்டையும் எப்படித் தாக்குகிறது? உள்செவியில், நத்தை ஓடு போன்று சுருண்ட பகுதியில், நுண்மயிர் கொண்ட உயிரணுக்கள் வரிசையாக உள்ளன. ஒலி அலை வரும்போது அந்த மயிர்கள் அசைந்து, அவ்வசைவு மின்குறிப்பாக மாறி மூளைக்குச் செல்கிறது. மயிர்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில புரதங்கள் தேவை. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்களிலும் இதே புரதங்கள் வேலை செய்கின்றன. மரபணுவில் பிழை நேர்ந்து, புரதம் சரியாக உருவாகாவிடில் இரண்டு இடங்களிலும் பழுது உண்டாகிறது.

உள்செவியில் அப்பழுது பிறக்கும்போதே வெளிப்பட்டுவிடுகிறது. விழித்திரை அணுக்களோ பிறப்பில் பெரும்பாலும் வேலை செய்கின்றன. நாளடைவில் தேய்ந்து மடிகின்றன. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உள்செவியிலேயே இருப்பதால், நோயின் கடுமையான வகையில் அதுவும் கெடுகிறது.

நோயை மூன்று வகையாகப் பிரிப்பர். முதல் வகையில் குழந்தை பிறவியிலேயே முற்றிலும் காது கேளாதது. தலை நிற்பதும், உட்காருவதும், நடப்பதும் தாமதமாகும். பத்து வயதுக்குள் மாலைக்கண் தோன்றிவிடும். இரண்டாம் வகையில் காது ஓரளவு கேட்கும், நடையில் குறையில்லை, பதின்பருவத்தில் கண்ணின் குறை வெளிப்படும். மூன்றாம் வகையில் பிறக்கும்போது காது நன்றாகவே கேட்கும். பின்னர் செவியும் விழியும் படிப்படியாகக் குறையும்.

பல்லாண்டுகளில் கண்ணில் நேரும் மாறுதல்கள்

விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இரு வகைப்படும். மங்கிய ஒளியிலும் ஓரப்பார்வையிலும் உதவுபவை கோல் அணுக்கள். பகலொளியில் நிறம் காணவும், எழுத்துப் படிக்கவும், முகம் அறியவும் உதவுபவை கூம்பு அணுக்கள். அஷர் நோயில் முதலில் மடிபவை கோல் அணுக்களே. ஆதலால் முதல் அறிகுறி மாலைக்கண். வெயிலில் ஓடியாடும் சிறுவன் அந்தி மயங்கியதும் தயங்குகிறான். வெளிச்சத்திலிருந்து இருண்ட அறைக்குள் நுழைந்தால் நெடுநேரம் கண் பழகுவதில்லை. கோயில் படிகளில் இறங்குகையில் தடுமாறுகிறான்.

அடுத்து ஓரப்பார்வை சுருங்கத் தொடங்குகிறது. இரு கண்களாலும் நாம் ஏறத்தாழ 180 பாகை அகலத்துக்குப் பார்க்கிறோம். நோயுற்ற கண்ணில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே வளையம் போன்ற குருட்டுப் பகுதி உண்டாகி, அது உள்ளும் புறமும் பரவுகிறது. முடிவில் மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் சிறு வட்டமே எஞ்சுகிறது. அந்நிலையிலும் அவர் நாளிதழ் படிப்பார். ஊசியில் நூல் கோப்பார். ஆனால் காலடியில் வைத்த குடத்தில் இடறுவார். பக்கவாட்டில் நீட்டிய கையைக் காணார். படிக்க முடிந்தவர் பாத்திரத்தில் இடறுவதைக் கண்டு, வீட்டார் அவரைக் கவனக்குறைவு உள்ளவர் என்று கடிந்துகொள்வதும் உண்டு.

கண் மருத்துவர் விழித்திரையை நோக்கும்போது மூன்று அடையாளங்களைக் காண்பார். எலும்பின் நுண்துகள் போன்ற வடிவில் கருநிறப் படிவுகள் சிதறியிருக்கும். இரத்தக் குழாய்கள் மெலிந்திருக்கும். பார்வை நரம்பின் தலைப்பகுதி மெழுகுபோல் வெளுத்திருக்கும். ஆனால் இளம் வயதில் இவை தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். விழித்திரையின் மின்வரைவு என்னும் சோதனை, ஒளிக்கு விழித்திரை எவ்வாறு மின்குறிப்பு எழுப்புகிறது என்பதை அளக்கிறது. குழந்தை குறை சொல்லத் தொடங்குமுன்பே நோயை வெளிப்படுத்த வல்லது இச்சோதனை.

நடுப்பார்வை பலருக்கு நாற்பது, ஐம்பது வயது வரையிலும் நிலைத்திருக்கிறது. இதனை இடையில் கெடுப்பவை இரண்டு. ஒன்று, கண் வில்லையின் பின்புறத்தில் இளவயதிலேயே உண்டாகும் புரை. மற்றொன்று, விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்குதல். முதலாவதை அறுவை மருத்துவத்தாலும், இரண்டாவதை மருந்தாலும் பெரும்பாலும் சீர்செய்யலாம். ‘இந்த நோய்க்கு மருந்தில்லை’ என்று கேள்விப்பட்டு மருத்துவரிடம் செல்வதையே நிறுத்திவிட்டவர்கள், தீர்க்கக்கூடிய இக்குறைகளாலும் பார்வை இழக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

மறைந்து நிற்பதன் காரணங்கள்

நம் நாட்டில் மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைவே நினைவுக்கு வரும். அது இயல்பே. அக்குறையால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970ஆம் ஆண்டு முதல் அரசு திட்டம் நடத்தி வருகிறது. ஊட்டக்குறையால் வந்த மாலைக்கண், வைட்டமின் கொடுத்த சில நாட்களில் தெளிந்துவிடும். அஷர் நோயால் வந்தது தெளியாது. முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்தும் குணமாகாத மாலைக்கண்ணை, அதுவும் காது கேளாத குழந்தையிடத்துக் கண்டால், உடனே விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ ஈரலுக்குத் தீங்கு தரும். ஆகையால் மருத்துவர் சொல்லாமல் அதனை உட்கொள்ளலாகாது.

மற்றொரு காரணம் குழந்தையின் மொழி. கண்ணில் குறையுள்ள குழந்தை அதனை வாய்விட்டுச் சொல்லும். காது கேளாத குழந்தைக்கோ அதைச் சொல்லும் மொழி இன்னும் வளர்ந்திருக்காது. எல்லோரும் இவ்வாறுதான் பார்க்கிறார்கள் என்று அது எண்ணிக்கொள்ளும். விளக்கு மங்கிய சமையலறையில் தாய் கைச்சாடையால் அழைக்கிறாள்; பிள்ளை திரும்புவதில்லை. பிடிவாதம் என்று எண்ணி அவள் கோபிக்கிறாள். உண்மையில் அவளுடைய கை அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மூன்றாவது காரணம் நிருவாக அமைப்பைச் சார்ந்தது. செவிக்கு ஒரு துறை, கண்ணுக்கு ஒரு துறை என்று மருத்துவமனைகள் பிரிந்து நிற்கின்றன. செவித்துறையில் பதிவான குழந்தைக்குக் காதின் கேள்திறன் அளக்கப்படுகிறது, கருவி பொருத்தப்படுகிறது, பேச்சுப் பயிற்சி தொடங்குகிறது. கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியது யாருடைய கடமை என்பது தெளிவாக இல்லாவிடில், அக்கேள்வி கேட்கப்படாமலே ஆண்டுகள் கழிந்துவிடும்.

உறவு மணமும் மரபணுவும்

அஷர் நோய் வர வேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு குழந்தைக்கு வந்து சேர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வெளிப்படாது. அவர் நலமுடன் வாழ்ந்து, அதனை அறியாமலே சுமந்து செல்வார். சுமப்போர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை நோயுடன் பிறப்பதற்கு உண்டு.

இங்கேதான் தென்னாட்டு வழக்கமாகிய உறவு மணம் முக்கியத்துவம் பெறுகிறது. கர்நாடகத்தில் 65,000க்கும் மேற்பட்ட தம்பதியரிடம் தகவல் திரட்டி 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை எனத் தெரியவந்தது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 மணங்களும் கர்நாடகத்தில் நூற்றுக்கு 27 மணங்களும் உறவுக்குள் நடந்தவை என்று காட்டியது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். நூறு பேரில் ஒருவர் ஒரு பழுதுற்ற மரபணுவைச் சுமப்பதாகக் கொள்வோம். அவ்வாறு சுமக்கும் ஆடவர் ஒருவர் உறவில்லாத பெண்ணை மணந்தால், அவளும் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நானூற்றில் ஒன்று. அவரே மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 32இல் ஒன்றாகிறது. அக்காள் மகளை மணந்தால் 16இல் ஒன்றாகிறது.

இதனால் உறவுக்குள் மணந்த எல்லோருக்கும் நோயுற்ற பிள்ளைகள் பிறப்பர் என்று கொள்ளக்கூடாது. பெரும்பாலோருக்கு நலமுள்ள குழந்தைகளே பிறக்கின்றன. உறவுக்கு வெளியே மணந்தோரின் குழந்தைகளுக்கும் இந்நோய் வரலாம். நிலமும் நகையும் குடும்பத்தை விட்டுப் போகாமல் இருப்பதற்கும், பெண் பழகிய வீட்டில் வாழ்வதற்கும் இவ்வழக்கம் துணை நின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாமையோ மாலைக்கண்ணோ உள்ளபோது, அடுத்த மணத்தை நிச்சயிக்குமுன் மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. அவ்வாலோசனை பழிகூறுவதாக அமைதல் கூடாது. குறிப்பாகப் பெற்ற தாய்மேல் குற்றம் சுமத்தும் வழக்கத்துக்கு அறிவியலில் இடமே இல்லை. தாயும் தந்தையும் சம அளவில் கொடுத்ததே குழந்தைக்கு வந்தது.

முன்னறிவதால் விளையும் பயன்

விழித்திரையின் தேய்வை நிறுத்தும் மருந்து இன்று இல்லை. மரபணு மருத்துவத்தில் மனிதரிடத்துச் சோதனைகள் நடைபெற்று வருகின்றன. அவற்றின் பலன் பொதுவழக்குக்கு வரக் காத்திருக்க வேண்டும். மருந்தே இல்லாத நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை உண்டு.

முதலாவது, செவிக்குச் செய்யும் மருத்துவம் இதனால் மாறுகிறது. முற்றிலும் கேளாத குழந்தைக்கு உள்செவியில் காக்ளியர் கருவி பொருத்தினால் ஒலி கேட்கும். மூளை மொழியைக் கற்கும் முதல் சில ஆண்டுகளுக்குள் அதனைச் செய்தால்தான் முழுப்பயன் கிட்டும். பின்னாளில் கண் மங்கும் என்று தெரிந்தால், செவியை வளர்க்கும் இம்முடிவைப் பெற்றோர் ஒத்திப்போடமாட்டார்கள். கண் குன்றும் காலத்தில் காது கைகொடுக்கும்.

இரண்டாவது, கல்வியை ஒழுங்குசெய்ய முடிகிறது. பார்வை உள்ளபோதே சைகை மொழியும் எழுத்தும் நன்கு கற்ற பிள்ளை, பின்னாளில் அதே சைகைகளைப் பிறர் கையைத் தொட்டு உணர்ந்து புரிந்துகொள்ள முடியும். பிரெயில் எழுத்தையும், கைக்கோல் கொண்டு நடப்பதையும் கண் ஓரளவு தெரியும்போதே பழகுவது எளிது. வகுப்பில் ஆசிரியர் வெளிச்சத்தில் நிற்பதும், பிள்ளையின் பார்வை வட்டத்துக்குள் கையசைப்பதும் செலவில்லாத உதவிகள்.

மூன்றாவது, தொழிலைத் தேர்ந்துகொள்ள வழி பிறக்கிறது. இரவு நேர வண்டியோட்டுதல், சுழலும் எந்திரங்களுக்கிடையே வேலை ஆகியவற்றை விலக்கி, நீடித்துச் செய்யக்கூடிய தொழிலில் இளைஞரைப் பயிற்றலாம். பாதி வாழ்வில் வேலை இழந்து நிற்கும் துயரம் இதனால் குறையும்.

சட்டமும் திட்டமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. செவியும் விழியும் ஒருங்கே குன்றிய நிலையும் அவற்றுள் அடங்கும். அச்சட்டம் பார்வையின் கூர்மையை மட்டுமன்றிப் பார்வையின் அகலத்தையும் கணக்கில் கொள்கிறது. அகலம் 40 பாகைக்குக் குறைந்தால் குறைபார்வை. 10 பாகைக்குக் குறைந்தால் பார்வையின்மை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுகிறார் என்பதற்காக அஷர் நோயாளிக்குச் சான்றிதழ் மறுப்பது சட்டத்தின் கருத்துக்கு மாறானது. பார்வை அகலத்தை அளந்து பார்க்குமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டு.

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளை 30 வகை உடல்நலக் குறைகளுக்காகச் சோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. செவிக்குறை, பார்வைக்குறை, வைட்டமின் ஏ குறைவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றுள்ளன. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆகவே புதிய திட்டம் தேவையில்லை. இருப்பவற்றை இணைத்தால் போதும்.

செய்யத்தக்கவை சில. பிறவியில் காது கேளாத ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் சேருமுன் ஒருமுறையும், பின்னர்க் குறித்த கால இடைவெளியிலும் விழித்திரைச் சோதனை நடைபெற வேண்டும். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காத கேளாக் குழந்தையைத் தனிக்கவனத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும். காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள், அந்தி நேரத்தில் தடுமாறும் பிள்ளைகளைக் குறித்துவைத்து மருத்துவருக்கு அனுப்பப் பயிற்சி பெற வேண்டும். நோய் உறுதியானதும் குடும்பத்தாருக்கு அவரவர் தாய்மொழியில், அவசரமின்றி, ஒரு தடவைக்குப் பல தடவை எடுத்துரைக்கும் ஆலோசகர் வேண்டும். வயது வந்த பிள்ளையிடம் உண்மையை மறைக்காமல், அதன் முதிர்ச்சிக்கேற்பச் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

செவிக்கும் கண்ணுக்கும் பேர்பெற்ற மருத்துவ வசதிகள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருக்கும் மைசூரு போன்ற நகரில் இவ்விணைப்பு கடினமானதன்று. ஒரு துறையின் சீட்டில் மற்றத் துறைக்கான ஒரு வரி சேர்ந்தால் அதுவே தொடக்கமாகும். இரண்டு புலன்களும் குன்றும் நிலையிலும் கல்வியும் உழைப்பும் தன்மதிப்பும் உள்ள வாழ்வு இயலும் என்பதை, 1977 முதல் மும்பையில் இயங்கிவரும் ஹெலன் கெல்லர் நிறுவனம் போன்ற அமைப்புகள் காட்டியுள்ளன. அவ்வாழ்வுக்கு ஆயத்தம் செய்ய இயற்கை பத்து ஆண்டு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைக் குழந்தைக்குக் கிடைக்கச் செய்வது மருத்துவர், ஆசிரியர், பெற்றோர், அரசு ஆகிய நால்வரின் கூட்டுக் கடமையாகும்.